பூநாரையும் தீச்சுடரும்

பழவேற்காட்டு ஏரியிலும் கோடியக்கரை உப்பங்கழிகளிலும் மழைக்காலத்தை அடுத்துக் கூட்டங்கூட்டமாகக் காணப்படும் நெடுங்காற் பறவை பூநாரை. ஆங்கிலத்தில் இதனைப் பிளமிங்கோ என்பர். இச்சொல்லின் பொருள் யாது?

ஆங்கிலேயர் இச்சொல்லைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து பெற்றனர். அதன் பழைய வடிவம் தென் பிரான்சின் புரொவென்சால் மொழியில் வழங்கியது. தீச்சுடர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஈற்று விகுதி ஜெர்மானிய மொழிகளைச் சார்ந்தது. எனவே 'சுடர் போன்றது' என்பதே பொருளாகும். ஸ்பானிய மொழியில் பிளாண்டர்ஸ் நாட்டாருக்கும் இச்சொல்லே வழங்குவதால், பறவையின் பெயர் அவர்களிடமிருந்து வந்தது எனக் கருதினோரும் உண்டு. ஆயினும் சுடர் என்னும் விளக்கத்தையே அறிஞர் பெரும்பாலும் ஏற்பர்.

நிற்கும்போது இப்பறவை வெண்மையாகவே தோன்றும். சிறகு விரித்து எழும்பியவுடன் உள்ளிருக்கும் செந்நிறம் சுடர்விடும். கிரேக்கர் இதனைச் 'செஞ்சிறகன்' என்றனர். 1758-இல் லின்னேயஸ் அப்பெயரையே பேரினப் பெயராக ஆக்கினார். மராத்தியில் வழங்கும் 'அக்னிபங்க்' என்னும் பெயருக்கும் தீச்சிறகு என்பதே பொருள்.

இச்செம்மை பிறவியில் வருவதன்று. குஞ்சுகள் சாம்பல் நிறமுடையவை. பாசிகளிலும் சிற்றிறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள் உணவின் வழியே இறகிற் சேர்கிறது.

நம் மொழிப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. கன்னடத்தில் இதனை ராஜஹம்ஸ என்பர். ஆயின் இது அன்னமும் அன்று, வாத்தும் அன்று. தமிழ்ப் பெயரில் நாரை என்று இருப்பினும், இது நாரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அண்மைக்கால மரபணு ஆய்வுகளின்படி இதற்கு நெருங்கிய உறவு நம் ஏரிகளில் மூழ்கி எழும் முக்குளிப்பானே. செங்கால் நாரையோ முற்றிலும் வேறொரு பறவை.

ஆகவே, கணக்கெடுப்பிற் செல்லும் களப்பணியாளர் 'செங்கால் கொண்ட நாரை' எனப் பொதுப்படக் குறித்துவிடலாகாது. நடுவில் சட்டெனக் கீழ்நோக்கி வளைந்த தடித்த அலகு பூநாரையின் அடையாளம். நேரிய நீண்ட அலகு செங்கால் நாரையின் அடையாளம். 2025-இல் தனுஷ்கோடியில் பெரும் பூநாரைக்கெனத் தமிழ்நாடு அரசு ஒரு சரணாலயத்தை அறிவித்தது. இத்தகைய இடங்களைத் தெரிந்து காப்பதற்குக் களக்குறிப்புகளே ஆதாரம். பெயர் பிழைபடின் எண்ணிக்கையும் பிழைபடும். ஆசிரியர்கள் இவ்விரு அலகுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டின், மாணாக்கர் இவ்வேறுபாட்டை மறவார்.