காணாமல் போன ஊர் எங்கே போனது?

வட அமெரிக்காவின் ரோனோக் தீவில் 1587இல் குடியேறிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் மூன்றே ஆண்டுகளில் காணாமல் போனார்கள். உதவி தேடித் தாய்நாடு போயிருந்த ஆளுநர் ஜான் வைட் 1590இல் திரும்பியபோது வீடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. வேலிக் கம்பத்தில் 'குரோட்டோவான்' என்று செதுக்கியிருந்தது. அது பக்கத்துத் தீவின் பெயர். ஊரை விட்டுப் போக நேர்ந்தால் போகுமிடத்தைச் செதுக்குவது, ஆபத்தென்றால் சிலுவைக் குறியும் இடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். சிலுவை இல்லை. புயல் குறுக்கிட்டதால் வைட் அந்தத் தீவுக்குப் போக முடியாமலேயே கப்பலேறினார். முகவரி எழுதி வைத்துவிட்டுப் போனவர்களைத்தான் உலகம் 'மாயமானவர்கள்' என்கிறது.

இப்படி மாயமான ஓர் ஊர் சென்னையில் யானைக்கவுனிக்குப் பக்கத்திலேயே இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, 1640களிலிருந்து வளர்ந்த பழைய கறுப்பர் நகரம் அது. நெசவாளர்களும் துபாஷிகளும் வணிகர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இன்று அங்கே 1892இல் திறந்த உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலோரத்து வீடுகளை இடித்தார்கள். மிச்சத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது, ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியேதான். பட்டணத்துப் பெருமாள் கோயிலும் 1757இல் போயிற்று.

போர்க்காலத்தில் வேறு வழி ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த ஆங்கிலேயரின் இடுகாட்டுக் கல்லறைகளே பிரெஞ்சு வீரர்களுக்கு மறைப்பாக உதவின. ஆனால் முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. அதன் பிறகும் மக்களை அங்கே வீடு கட்ட விடவில்லையே! கல்லறைக் கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ப் பதித்தார்கள். வெட்டவெளியை வெட்டவெளியாகவே வைத்திருக்க எல்லைக் கற்களும் நட்டார்கள். அவசரத்துக்கு இடித்ததை நிரந்தரமாக்கியது போர் அல்ல, நிர்வாகம்.

ஆனாலும் ஊர் அழிந்துவிடவில்லை; வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தது. இதற்குக் கோயிலே சாட்சி. 1760களில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, இடிபட்ட கோயிலுக்கு ஈடாகப் பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் கோயில் எழுப்பினார். ஹைதர் அலியின் படையெடுப்பு தந்த பயத்தில் இந்தப் புதிய நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் மேற்கு வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்கு வரி போட நினைத்ததன் மிச்சம் வால்டாக்ஸ் சாலை.

சென்னைக்கு ஆவணம் உண்டு, ரோனோக்குக்கு இல்லை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்பார்கள். ஆவணம் குறைவு என்பது உண்மை. ஆனால் குரோட்டோவான் தீவுக்காரரான மான்டியோ ஆங்கிலேயருக்கு நண்பர். அடைக்கலம் கிடைத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தேடிப் போனவர்கள் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தேடினார்கள். உள்ளூர்க்காரரோடு கலந்துவிட்ட குடும்பங்கள் அவர்கள் கண்ணில் எப்படிப் படும்? என் கணிப்பில் ரோனோக்கில் நடந்ததும் இடப்பெயர்வுதான். கறுப்பர் நகரத்தார் துரத்தப்பட்டார்கள், ரோனோக்காரர்கள் தாமாகப் போனார்கள், வேறுபாடு அவ்வளவே.

பாரிமுனைக்குப் போகிறவர்கள் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1773 ஜனவரி 1 என்று தேதி பொறித்த எல்லைக் கல் இன்னும் அங்கே இருக்கிறது.