அறுவைச் சிகிச்சையும் நாளமில்லாச் சுரப்பிகளும்

"ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுத் தள்ளிப் போட்டுவிட்டார்களே!" என்று நோயாளியின் வீட்டார் குறைப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். வடக்கனந்தலிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கள்ளக்குறிச்சிக்குச் செல்வோருக்கு ஒரு நாள் கூலி போவது பெரிய இழப்புதான். ஆயினும், சில வேளைகளில் அத்தாமதமே உயிரைக் காக்கிறது. எவ்வாறு எனக் காண்போம்.

நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோன்களை நேராக இரத்தத்தில் கலக்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். உடலில் கத்தி படும்போது கார்ட்டிசால், அட்ரினலின் ஆகியவை பெருகி, இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகின்றன. நலமுள்ள உடல் இதைச் சமாளித்துக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிக்கு அது கடினம். சர்க்கரை மிகுந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். மிகக் குறைந்தாலோ மூளைக்கே கேடு. விழித்திருப்பவர் நடுக்கத்தையும் பசியையும் சொல்வார். மயக்க மருந்தில் உறங்குபவர் எப்படிச் சொல்வார்? ஆகவே, அறுவையின்போது அடிக்கடி இரத்தத்தைச் சோதித்து, தேவைக்கேற்ப இன்சுலினோ குளுக்கோசோ செலுத்துகின்றனர். 1922-இல் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் நீரிழிவு நோயாளிக்கு அறுவை என்றாலே பேராபத்து.

தைராய்டு மிகையாகச் சுரந்தால், அறுவையின்போது கடுங்காய்ச்சலும் கட்டுக்கடங்கா இதயத் துடிப்பும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, அவசரமில்லாத அறுவையைத் தள்ளி வைத்து, சில வாரங்கள் மாத்திரை கொடுத்துச் சுரப்பை அடக்குகின்றனர். கழுத்தில் பெரிய கழலை இருப்பின் மூச்சுக் குழாயை அது அழுத்துகிறதா என்றும் பார்க்கின்றனர்.

மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கார்ட்டிசோன் உட்கொண்டுவந்த ஒருவர் இடுப்பு அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் இறந்ததை 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். இன்று அத்தகையோருக்கு அறுவையின்போது ஊசி மூலம் ஹைட்ரோகார்ட்டிசோன் தருகின்றனர்.

மருத்துவர் இவ்வளவும் செய்ய வேண்டுமானால், நாம் உண்மையைச் சொல்ல வேண்டும் அன்றோ? சர்க்கரை நோயை மறைப்பதும், வாங்கி உண்ட பொடியையும் மாத்திரையையும் சொல்லாது விடுவதும் தீங்கு தரும். படித்த நாம் என்ன செய்யலாம்? பாட்டிக்கோ மாமாவுக்கோ அறுவை என்றால், அவர்கள் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அட்டைகளோடு பையில் வைத்து அனுப்புவோம். நாமாக எதையும் நிறுத்தாதிருக்கச் சொல்வோம். அந்தச் சிறு தாள் ஓர் உயிரைக் காக்கும்.