வரிக்கணக்கர் ஊதியம்

ஜூலை மாதம் வந்துவிட்டால் திருப்பதியில் இரண்டு வரிசைகளைக் காணலாம். ஒன்று திருமலையில் தரிசனத்துக்கு நிற்பது. அது ஆண்டு முழுவதும் உண்டு. மற்றொன்று மலையடிவாரத்தில், வருமான வரிப் படிவம் எழுதித் தருவோரின் மாடிப்படிகளில் நிற்பது. மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31 கடைசி நாள். தவறினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. எழுதித் தருபவர் பட்டயக் கணக்கராயினும் அல்லராயினும், ஊரார் எல்லோரையும் 'ஆடிட்டர்' என்றே அழைப்பர்.

"நாலு எண்களைத் தட்டச்சிடுவதற்கா இவ்வளவு கட்டணம்?" என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வினா. சம்பளச் சான்றிதழையும் வங்கி வட்டியையும் வருமான வரித் துறை காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பழைய வரிமுறை, புதிய வரிமுறை ஆகிய இரண்டில் எது ஒருவருக்கு நலம் என்று கணக்கிட வேண்டும். கேட்பவர் கொண்டுவருவதோ பாதிக் காகிதங்கள். மீதிக்கு நாலு முறை நினைவூட்ட வேண்டும். எனவே அனுபவமுள்ளவர்கள் வேலை தொடங்குமுன்பே கட்டணத்தைச் சொல்லிவிடுகின்றனர். கடைசி வாரத்தில் வருவோரிடம் சற்றுக் கூடுதலாகவும் கேட்கின்றனர். இதில் குறைகாண நமக்குத் தோன்றவில்லை.

இவ்வூருக்கே உரிய ஒரு வற்புறுத்தல் உண்டு. "ஐயா, உண்டியலில் இருபதாயிரம் போட்டிருக்கிறேன். அதையும் கழித்து எழுதிவிடுங்கள்" என்பார் ஒருவர். உண்டியல் காணிக்கைக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத நன்கொடைக்கு வரிச்சலுகையும் கிடையாது. தேவஸ்தானத்தின் அன்னப்பிரசாத அறக்கட்டளைக்கு முறைப்படி அளித்த நன்கொடைக்குச் சலுகை உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம் செல்லாது; புதிய வரிமுறையை ஏற்றவருக்கு இச்சலுகையே இல்லை. இவ்வளவையும் பொறுமையாக விளக்கி, 'முடியாது' என்று சொல்வதும் ஆடிட்டரின் வேலையே. அதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவாரை நாம் கண்டதில்லை.

நமக்கு அறிமுகமான பள்ளி ஆசிரியர் ஒருவர், பழைய ஆடிட்டர் கேட்ட 1,500 ரூபாயை மிகுதியென எண்ணி, 2024இல் வேறொருவரை நாடினார். அவர் முன்பணம் கேட்கவில்லை. திரும்பி வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றார். ஏறத்தாழ 25,000 ரூபாய் திரும்பி வந்தது. ஆசிரியர் கனவிலும் கொடுத்திராத 1,20,000 ரூபாயை அரசியல் கட்சி நன்கொடையாகப் படிவத்தில் காட்டியிருந்ததை அவர் பின்னரே அறிந்தார்.

பங்கு பேசும் இவ்வழக்கத்தின் தீங்கு இதுவே. தொகை பெருகினால் எழுதுபவர் ஊதியமும் பெருகுகிறது. பொய்க்கு அதுவே தூண்டுகோலாகிறது. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டம், விதிவிலக்கான சில பணிகள் நீங்கலாக, பலனைப் பொறுத்து ஊதியம் பேசுவதைத் தொழில் ஒழுங்கீனமாகக் கருதுகிறது. 2006இல் மத்திய அரசு வகுத்த வரிப்படிவத் தயாரிப்பாளர் திட்டத்திலும் விழுக்காடு உண்டு. முதலாண்டில் 3, அடுத்து 2, பின்னர் 1. ஆனால் அது செலுத்திய வரியின்மேல் அரசே கொடுத்தது. திரும்பப் பெற்ற தொகையின்மேல் அன்று.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை, பொய்க் கழிவுகள் குறித்து நாடெங்கும் 150 இடங்களில் சோதனை தொடங்கியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர், 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாமே விலக்கிக்கொண்டிருந்தனர்.

ஆசிரியருக்கு எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை; படிவத்தில் பதிந்திருந்த மின்னஞ்சல் முகவரி அவருடையதன்று. எழுதியவரின் அறையோ பூட்டிக் கிடந்தது. எழுதியவர் யாராயினும் உறுதிமொழி வரி செலுத்துவோருடையது. பொய்த்தகவலுக்கு, ஏய்த்த வரியைப்போல் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அஞ்சிய ஆசிரியர் பழைய ஆடிட்டரிடமே ஓடினார். அவர் திருத்திய படிவத்தை எழுதித் தந்தார். வரியும் வட்டியும், அவற்றின் கூட்டுத்தொகையில் கால் பங்கு கூடுதல் வரியும் கட்டியபின் தொல்லை நீங்கியது. இம்முறை ஆடிட்டர் தம் கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்.