தொழுவத்து ஜீப்பும் அதன் வரலாறும்

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி ஆகிய நம் பகுதி வானம் பார்த்த பூமி. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டாலோ அதே மண் களியாகிக் காலைப் பற்றிக்கொள்ளும். மாட்டுவண்டியும் அச்சு வரை புதைந்து நிற்கும் அவ்வண்டித்தடங்களில், கார் இறங்க அஞ்சிய காலத்தில், துணிந்து இறங்கியது ஜீப்பு.

அக்காலத்து ஜீப்புகளுள் சில இன்றும் தோட்டங்களிலும் தொழுவங்களின் ஓரத்திலும் நிற்கின்றன. கோழிகள் அவற்றின் இருக்கைகளில் அடைகாக்கின்றன. "இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம்" என்கிறார் மகன். "தாத்தா ஓட்டிய வண்டி, புதுப்பித்து வைத்துக்கொள்வோம் அப்பா" என்கிறான் பேரன். பழைய ஜீப்புகளைத் தேடிச் சேகரிப்பது நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இளைஞரிடையே பரவிவரும் ஆர்வமாதலால், இவ்வழக்கு இனிப் பல வீடுகளின் திண்ணைக்கு வரும். இதில் தீர்ப்புச் சொல்லுமுன், அவ்வண்டியின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நலம்.

போரில் பிறந்த வண்டி

1940-ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தரைப்படை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. எடை குறைந்ததாகவும், நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஆற்றல் உள்ளதாகவும் ஒரு சிறு வண்டி வேண்டும். முதல் மாதிரியை 49 நாட்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறிய நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கொண்டு அதனை வரைந்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் முதல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆயினும் அந்தச் சிறிய ஆலையால் படை கேட்ட அளவிற்குச் செய்து கொடுக்க இயலாதென்று கருதப்பட்டது. பெரும் ஒப்பந்தம் வில்லிஸ் நிறுவனத்திற்குச் சென்றது. பின்னர் ஃபோர்டு நிறுவனமும் அதே வடிவில் செய்தது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது? சாதாரண வண்டியில் இயந்திரத்தின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். அவை சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ கியர்ப் பெட்டியின் பின்னால் மற்றொரு சிறு பெட்டி உண்டு. ஒரு கோலை இழுத்தால் விசை முன் அச்சுக்கும் பாயும். மற்றொரு கோலை இழுத்தால் வேகம் குறைந்து இழுவை பெருகும். சுமையேற்றிய வண்டியை ஆற்று மணலிலிருந்து மேலேற்ற, மாட்டுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்து மெல்ல ஓட்டுவாரல்லவா நம் வண்டிக்காரர், அதே நுட்பம்தான் இது.

அவ்வண்டி ஆயுதமும் சுமந்தது, காயம்பட்டவரையும் சுமந்தது. பர்மாக் காடுகளில் அதன் சக்கரங்களை மாற்றி, தண்டவாளத்தின் மீது சரக்குப் பெட்டிகளை இழுக்கவும் பயன்படுத்தினர். போர்முனைகளில் படைவீரர்களுக்கான குருக்கள் ஜீப்பின் பானெட்டையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றியதற்கு அந்நாளைய நிழற்படங்கள் சான்றாக உள்ளன.

பம்பாய் வழியாக நம் ஊருக்கு

1945-ஆம் ஆண்டு ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்னும் சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் கூடி, 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில் எஃகு வாணிபம் தொடங்கினர். 1947-இல் நாடு பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்கும் தொழில் இவ்வாறு நாட்டின் விடுதலையோடு ஒட்டிப் பிறந்தது.

1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சி.ஜே. 3பி' என்னும் வகையே நம் மக்கள் நன்கறிந்த ஜீப்பு. அதன் புதிய இயந்திரம் உயரமானது. ஆதலால் பானெட்டையும் உயர்த்தி அமைத்தனர். அமெரிக்காவில் 1968-இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. இந்தியாவிலோ அவ்வடிவம் சிற்சில மாற்றங்களுடன் பல்லாண்டுகள் தொடர்ந்தது. 2018-இல் மஹிந்திரா நிறுவனம் அதே மரபில் 'ராக்ஸர்' என்ற வண்டியை அமெரிக்காவிலேயே செய்து விற்க முற்பட்டபோது, ஜீப்பு என்னும் பெயருக்கு அப்போது உரிமை பெற்றிருந்த நிறுவனம், "இது எங்கள் உருவம்" என்று வழக்குத் தொடுத்தது. பெற்ற வீட்டில் மறந்துபோன முகத்தை வளர்த்த வீடு அத்துணைக் கருத்தாகக் காத்துவைத்திருந்தது!

நம் சிற்றூர்களுக்கு ஜீப்பு பெரும்பாலும் அரசாங்கத்தின் வண்டியாகவே வந்து சேர்ந்தது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. விதையும் உரமும் பற்றிப் பேச வந்த வட்டார வளர்ச்சி அலுவலர் ஜீப்பில் வந்தார். 1953-இல் தொடங்கிய மலேரியா கட்டுப்பாட்டுப் பணிக்கு மருந்து தெளிப்போரும், அம்மை குத்துவோரும், போலீசாரும் அதில் வந்தனர். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பின் பின்னால் பிள்ளைகள் நோட்டீசுக்காக ஓடினர். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்த விவசாயிகள் பருத்தித் தாட்டையும் மிளகாய் மூட்டையையும் அதில் ஏற்றினர். இரவில் பேறுகால வேதனையுற்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஊரில் இருந்த ஒரே வண்டி அதுவாகவும் இருந்தது.

சேகரிப்போரின் கண்

பழைய வண்டிகளைச் சேகரிப்போர் அவற்றைப் படிக்கும் முறை வியப்பானது. முகப்பில் நெடுக்குத் துளைகள் ஒன்பதா, ஏழா என்று எண்ணுவர். ஒன்பதாயின் போர்க்காலத்தது, ஏழாயின் பின்னர்ப் பொதுமக்களுக்காகச் செய்தது. மரையாணிகளின் தலையில் ஃபோர்டின் முதலெழுத்து பொறித்திருக்கிறதா என்று தேடுவர். அந்நிறுவனம் தான் செய்த பாகங்களில் அவ்வாறு அடையாளம் இடுவது வழக்கம். போர்க்கால ஜீப்பின் முன்விளக்கைக் கீலில் திருப்பி, இருளில் இயந்திரத்தின் மீதே ஒளி விழச் செய்யலாம். அக்கீல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பர்.

ஜீப்புக்கு உறவினரும் உண்டு. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் போர்க்கால ஜீப்பு ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்ய எண்ணியதன் பயனே 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர். எஃகு தட்டுப்பாடாக இருந்தமையால் அதன் கூட்டை அலுமினியக் கலவையால் செய்தனர். 1950-களின் அத்தகைய வண்டிகள் டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்திற்குப் பயணிகளை ஏற்றிச்சென்று புகழ்பெற்றன. நம் இராணுவத்திற்காக ஜபல்பூர் தொழிற்சாலையில், ஜப்பானிய நிஸான் வண்டியின் மாதிரியில் செய்த 'ஜோங்கா' மற்றொரு வகை. 1999-இல் அதன் உற்பத்தி நின்றது. ஏலத்தில் வந்தவை சேகரிப்போர் கைக்குச் சென்றன. அயலில் நோக்கின், போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலை செய்வோரை மலையேற்றிய ஜீப்புகளையும் நாம் அறிவோம்.

எது அசல்?

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த சொந்த உபயோக வண்டியை அப்பிரிவில் பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் எதுவும் செய்திருத்தல் ஆகாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டவும் ஆகாது.

நம் தொழுவத்து ஜீப்பு இந்த அளவுகோலில் தேறுவது அரிது. 1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது எத்தனையோ பேர் அதன் இயந்திரத்தைக் கழற்றி டீசல் இயந்திரத்தைப் பொருத்தினர். மூட்டை ஏற்றப் பின்புறத்தை நீட்டினர். வெயிலுக்குத் தகரக் கூரை அடித்தனர். சேகரிப்போரின் கண்ணுக்கு இவை குறைகள். ஆயினும் அவ்வொவ்வொரு மாற்றத்திலும், அசல் பாகம் கிடைக்காத ஊரில், கிடைத்ததைக் கடைசல் பிடித்து வண்டியை ஓடவைத்த பட்டறைத் தொழிலாளியின் அறிவு பதிந்திருக்கிறது. பஞ்சத்தில் ஒரு குடும்பம் பிழைத்த விதமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதனைச் சுரண்டியெடுத்துப் பளபளக்கும் பச்சை வர்ணம் பூசி, நம் ஊர் காணாத அமெரிக்கப் படையின் வெள்ளை நட்சத்திரத்தை வரைந்துவிட்டால், அது யாருடைய வரலாறு? தாத்தாவின் வண்டி அங்கே மறைந்துவிடுகிறதன்றோ?

எனவே நாம் பேரனின் பக்கமே சாய்கிறோம். ஆனால் சில வார்த்தைகளுடன்.

முதலாவது, பணம். வண்டி வாங்கும் விலையைவிடச் சீர்செய்யும் செலவு மிகுதியாவது இத்துறையில் இயல்பு. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் செய்யத்தக்க காரியம் இதுவன்று. பிள்ளையின் படிப்புக்கும் வீட்டின் மருந்துக்கும் பின்னரே இதற்கு இடம்.

இரண்டாவது, ஆவணம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண் வண்டியிலுள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். இயந்திரம் மாற்றியிருப்பின் அது முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். பழம்பெரும் வண்டியாகப் பதியாமல் வழக்கம்போல் ஓட்ட விரும்புவோர் தகுதிச் சான்று பெற்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இராணுவ ஏலத்தில் வந்ததென்று சொல்லி, காகிதமின்றி எவரேனும் மலிவாக விற்க வந்தால் விலகிப் போவதே விவேகம்.

மூன்றாவதே முதன்மையானது. வண்டியைப் பட்டறைக்கு அனுப்புமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இருக்கும் நிலையிலேயே நான்கு புறமும் படம் பிடியுங்கள். அதை ஓட்டிய பெரியவரையும், பழுது பார்த்த மெக்கானிக்கையும் தேடிச் சென்று உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு எந்த ஏலத்தில் எடுத்தது? இயந்திரம் எப்போது மாறியது? குண்டாற்று வெள்ளத்தில் சிக்கியதுண்டா? யார் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது? பெயரோடும் ஆண்டோடும் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை இறுதியில் விற்க நேர்ந்தாலும் அந்நோட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கும். இரும்பு இன்னும் பத்தாண்டு தாங்கும். அதன் கதை தெரிந்த பெரியவர்களுக்கோ வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே செல்வது நல்லது.