உப்பங்கழிப் பெரணிக்கு வயல்வாய்க்காலில் ஒரு சொந்தம்

“பெரணி என்றால் குற்றாலத்துப் பாறையும் கொடைக்கானல் குளிரும்தான் நினைவுக்கு வருகின்றன. உப்புத் தண்ணீரில் அது பிழைக்குமா?” என்று புன்னைக்காயல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவருக்கு எழ வேண்டிய கேள்விதான்.

பிழைக்கும். அக்ரோஸ்டிகம் ஆரியம் என்ற பெரணி கேரளத்துக் காயலோரங்களிலும் சுந்தரவனத்திலும் இலங்கையின் களப்புகளிலும் சேற்றில் வேரூன்றி, ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்கிறது. இலை தடிப்பானது. நுனிப்பக்கச் சிற்றிலைகளைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுக்கச் செம்பழுப்பாக வித்துப் பைகள் அப்பியிருக்கும்.

ஆனால் இந்தச் செடியின் உப்பைவிட அதன் உறவுதான் சுவாரசியம். நெல்வயல் வாய்க்காலிலும் குட்டையோரத்திலும் செரடாப்டெரிஸ் என்றொரு நன்னீர்ப் பெரணி வளரும். கையில் எடுத்தால் துவண்டுவிடும். சில மாதங்களிலேயே வாழ்ந்து முடித்துவிடும். வண்ணமீன் கடைகளில் ‘வாட்டர் ஸ்ப்ரைட்’ என்று விற்பது இதைத்தான். மற்றப் பெரணிகளோடு சேராத உருவம் என்று பழைய தாவரவியலார் இதற்குப் பார்க்கேரியேசி எனத் தனிக் குடும்பமே கொடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்தபோதுதான், இன்று உயிரோடிருக்கும் பெரணிகளில் அக்ரோஸ்டிகத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தத் துவண்ட செடி என்று தெரிந்தது. ஒன்று உப்பங்கழியில், மற்றது வயலில். யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: தண்ணீரை விட்டு விலகுவதில்லை. அந்தக் குணம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டேதான் இருந்தது. சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரைக் கல்யாண வீடுகளில் முகச்சாடையை வைத்தே “நீ இன்னார் பேரன்தானே?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் சபையே சிரிக்கும். ஓலை வாசிக்குமுன் பங்குச்சாமி ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தக் குழப்பம் கிடையாது. செடியின் பதிவேடாக ஆய்வாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டது ‘ஆர்பிசிஎல்’ என்ற மரபணுவை. இலையின் பசுங்கணிகத்தில் இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கானது. சுமார் 1,400 எழுத்துகள் நீளம். தலைமுறைதோறும் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போகும், அந்த மாற்றம் வாரிசுகளுக்கும் போகும். ஒரே மாற்றங்களைச் சுமக்கும் செடிகள் ஒரே கிளையில் பிறந்தவை. 1994இல் ஜப்பானிய ஆய்வாளர் மிட்சுயாசு ஹசேபேயும் கூட்டாளிகளும் இந்த மரபணுவைக் கொண்டு பெரணிகளின் வம்சாவளியை வரைந்தார்கள். 2001இல் கேத்லீன் பிரையர் குழு, தனி வகையாகக் கருதப்பட்ட ஈக்விசிட்டம் என்ற செடியையும் பெரணிக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2016இல் உலகப் பெரணி ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் பெரணிகளும் அவற்றை ஒட்டிய லைக்கோபைட்டுகளுமாக 11,916 இனங்கள்.

பசுங்கணிகம் சொல்வது பெரும்பாலும் தாய்வழிச் செய்தி மட்டும். தகப்பன் வழி சிக்கலானது. பெரணிகள் தாராளமாகக் கலப்பினம் ஆகும், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். 1954இல் திருவனந்தபுரத்தில் ஏ. ஆபிரகாமும் சி. ஏ. நைனானும் ஓஃபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம் என்ற சின்னஞ்சிறு பெரணியில் 1,200க்கு மேல் குரோமோசோம்களை எண்ணினார்கள். பிற்காலத்து எண்ணிக்கை 1,440 வரை போனது. மனிதனுக்கு 46தான்.

இந்த வம்சாவளியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு லக்னோ பதில் சொல்லும். அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் டெக்டேரியா மேக்ரோடோன்டா என்ற பெரணியிலிருந்து வெள்ளை ஈயைக் கொல்லும் புரதம் ஒன்றைப் பிரித்து, அதன் மரபணுவைப் பருத்தியில் சேர்த்து 2016இல் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நீர்ப்பெரணியான சால்வினியாவின் மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள் அதிலும் இதே வகை மரபணுவைக் கண்டார்கள். மூலம் தேடிப் போனபோது சுவடு பாக்டீரியாவில் போய் நின்றது. பெற்றோர் கொடுக்காத சொத்து, கடன் வாங்கியது!

இத்தனைக்கும் அடிப்படை, இன்ன செடி இது என்று கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள். தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் வி. எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றி 1992இல் கொண்டுவந்த நூல், மலையேறிச் சேகரித்த உலர்மாதிரிகளின் மேல் நிற்கிறது. அப்படி மலையேற ஆசைப்படும் மாணவருக்கு இன்று ஆய்வகத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் மதிப்பு கிடைப்பதில்லை. கருவி எழுத்துகளை வாசித்துத் தரும். எந்தச் செடியின் எழுத்துகள் அவை என்று சொல்ல, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து இடமும் தேதியும் குறித்த ஒரு தாள் வேண்டும்.

செடியே மிஞ்சாவிட்டால் அந்தத் தாளுக்கும் வழியில்லை. கொல்லிமலையில் சூப்புக்காக விற்கும் முடவாட்டுக்கால் ஒரு பெரணியின் தண்டு. டிரைனேரியா என்று இருந்த அதன் அறிவியல் பெயரை, மரபணு ஆய்வுக்குப் பிறகு அக்லேயோமார்ஃபா என்று மாற்றி எழுதுகிறார்கள் சிலர். உறவைச் சரிபார்க்க ஆய்வாளருக்கு இலையில் ஒரு துண்டு போதும். சூப்புக்கோ பாறையிலிருந்து தண்டையே பெயர்க்க வேண்டியிருக்கிறது.