பெட்டியை யார் தூக்குவது?

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா போய்வந்தோம். பத்து நாள், ஏழு ஊர். விடிகாலை ஐந்தரைக்கே பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஊர் திரும்பிப் போட்டோக்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று இருவருக்குமே தெரியவில்லை. “ஏங்க, இந்தப் பாலம் எங்கே இருக்கு?” என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது ஜப்பான், அதுவும் நாமாகவே ரயிலில் போவது என்று தீர்மானித்தபோது எனக்கு 68 வயது, அவளுக்கு 64. எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முழங்கால். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். எத்தனை ஊர் பார்க்கிறோம் என்று கணக்குப் பார்ப்பதில்லை; எத்தனை முறை பெட்டி கட்டுகிறோம் என்று மட்டும் பார்ப்பது. அறுபதைத் தாண்டியவர்கள் திட்டம் போட இந்த ஒரு கணக்கு போதும் என்பது என் அனுபவம்.

நான்கு ஊர், இரண்டு அறை

டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 5 இரவு. அவ்வளவுதான். நாராவும் ஹிரோஷிமாவும் கியோட்டோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய ஊர்கள். நாராவுக்குச் சாதாரண ரயிலிலேயே முக்கால் மணி நேரம். ஹிரோஷிமாவுக்கு ‘ஷின்கான்சென்’ என்ற புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கையில் தண்ணீர் பாட்டிலும் குடையும் மட்டும்.

விமான டிக்கெட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போகும்போது டோக்கியோவில் இறங்கி, திரும்பும்போது ஒசாகா பக்கமுள்ள கன்சாய் விமான நிலையத்தில் ஏறும்படி எடுத்தால், மறுபடி டோக்கியோவுக்கு 500 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. கியோட்டோவிலிருந்து கன்சாய்க்கு ‘ஹருகா’ என்ற ரயில் நேரே போகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

ஹோட்டல் விஷயத்தில் அழகான காட்சியைவிட ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்பதே முக்கியம். டோக்கியோவில் ஷின்ஜுகு வேண்டாம் என்று ஒதுக்கினோம். 200-க்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள அந்த நிலையத்தில் இளசுகளே வழி தெரியாமல் விழிக்கிறார்கள். உவேனோவில் தங்கினோம். நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயிலில் சுமார் 45 நிமிடம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் அங்கேயே பூங்காவுக்குள் இருக்கிறது. 70 வயதானவர்களுக்கு அதன் நிரந்தரக் கண்காட்சி இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். இரண்டு வருஷம் பொறுத்து வந்திருக்கலாமோ என்று தோன்றியது! கியோட்டோவில், ஷின்கான்சென் நடைமேடைகள் இருக்கும் ஹாச்சிஜோ வாசல் பக்கம் அறை எடுத்தோம்.

பாய் விரித்த ஜப்பானிய அறையில் ஓரிரவு தூங்க எல்லோருக்கும் ஆசை வரும். தரையில் படுத்து எழ முழங்கால் ஒத்துழைக்குமா என்று யோசியுங்கள். கட்டில் உள்ள அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம்.

பாஸ் லாபமா?

‘ஜப்பான் போனால் ரயில் பாஸ் வாங்கிவிடு’ என்பது பழைய அறிவுரை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தபோது அது சரி. 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். முதியோர் சலுகையும் கிடையாது. எங்கள் கணக்கைப் பாருங்கள்: டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000 யென், ஹிரோஷிமா போய்வர சுமார் 23,000. ஹருகா, நாரா எல்லாம் சேர்த்தாலும் 50,000-ஐத் தொடவில்லை. தனித்தனி டிக்கெட்டே வாங்கினோம். மிச்சமான பணம் கியோட்டோவில் டாக்ஸிக்குப் போனது. அங்கே சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைவிட, கியோமிசு கோயிலின் ஏற்றப் பாதைக்கு டாக்ஸி பிடிப்பது எவ்வளவோ மேல்.

டிக்கெட்டை ‘ஸ்மார்ட் இஎக்ஸ்’ செயலியில் நம்மூர்க் கிரெடிட் கார்டிலேயே வாங்கலாம். வழக்கமான டிக்கெட்டில் வண்டி புறப்படும்வரை நேரத்தை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். காலையில் கால் வலித்தால் இரண்டு மணி நேரம் தள்ளிப்போடலாம் என்ற நிம்மதி பெரிது.

1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய இந்தப் பாதையில் இன்று ‘நொசோமி’ ரயில் கியோட்டோவை இரண்டேகால் மணி நேரத்தில் தொடுகிறது. சாதாரண வகுப்பில் ‘ஈ’ வரிசை இருக்கை கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால், புறப்பட்ட முக்கால் மணியில் வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும். இடைப்பட்ட நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும். அறிவிப்பு வந்ததும் எழுந்து கதவருகே போய்விட வேண்டும். தள்ளுவண்டியில் காபி வரும் என்று நம்பாதீர்கள். சாதாரண வகுப்பில் அதை 2023-லேயே நிறுத்திவிட்டார்கள். சாப்பாடும் தண்ணீரும் ஏறும்முன் வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பூனை

இனி தலைப்புக் கேள்வி. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி என்றால் இந்த ரயிலில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பெட்டியை ரயிலில் ஏற்றவே இல்லை. ‘தக்யூபின்’ என்று 1976-ல் யமாதோ நிறுவனம் தொடங்கிய சேவை இருக்கிறது. குட்டியைக் கவ்விய கறுப்புப் பூனைதான் சின்னம். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பறையில் காலையில் பெட்டியைக் கொடுத்தோம். மறுநாள் அது கியோட்டோ ஹோட்டலில் எங்களுக்காகக் காத்திருந்தது. பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். அந்த ஒரு இரவுக்கு வேண்டிய துணியும், எல்லா மாத்திரைகளும் கைப்பையில் இருக்க வேண்டும். இதை மறந்தால் வம்பு.

மாத்திரை என்றதும் ஒரு எச்சரிக்கை. சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளுக்கு ஜப்பானில் தடை. நம்மூர் ஜலதோஷ மாத்திரைகள் சிலவற்றில் அது உண்டு. அட்டையைப் படித்துப் பாருங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு மாதத் தேவைக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மருந்துச் சீட்டும், மருந்தின் வேதிப்பெயரும் ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 119.

சைவர்கள் கவனத்துக்கு: காய்கறி சூப் என்று தருவதிலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கக்கூடும். கியோட்டோவில் ‘ஷோஜின்’ என்ற புத்த மடாலயச் சமையல் கிடைக்கிறது. அது சுத்த சைவம். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பகுதிக்குப் போனால் நம்மூர்ச் சாப்பாடும் உண்டு.

பாதியில் திரும்பலாம்

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மதியம் இரண்டு மணி நேரம் அறையில் தூக்கம். கியோட்டோவின் புஷிமி இனாரி கோயிலில் செந்நிற வாசல்கள் 233 மீட்டர் உயர மலையில் ஏறிக்கொண்டே போகின்றன. நாங்கள் அடிவாரத்து வாசல் வரிசையோடு திரும்பிவிட்டோம். நாராவில் பஸ் பிடித்து, 752-ல் இந்தியத் துறவி போதிசேனர் கண் திறந்துவைத்த பெரிய புத்தரை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ச் கடைசி செர்ரிப் பூ காலமும், ஏப்ரல் கடைசி–மே முதல் வார விடுமுறையும் நெரிசல். ஜூலை, ஆகஸ்டில் சென்னைப் புழுக்கம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர்வரை நம் வயதுக்குத் தோதான காலம்.

டிக்கெட் போடுமுன் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோக நினைப்பதையெல்லாம் பெட்டியில் அடைத்து, உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு மாடி தூக்கி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பயணத்தைக் கைவிட வேண்டாம். பெட்டியிலிருந்து நான்கு துணியையும், திட்டத்திலிருந்து ஒரு ஊரையும் எடுத்துவிடுங்கள்.