ஆறு கால் உண்டு, பூச்சி இல்லை. ஊசி உண்டு, டாக்டர் இல்லை!

விடை தெரியுமா? டி4! நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலி பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். இந்த இனத்துக்கே பெயர் பாக்டீரியோஃபேஜ் (சுருக்கமாக ஃபேஜ்), அதாவது பாக்டீரியாத் தின்னி. 1917-இல் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் வைத்த பெயர். (பெயர்தான் தின்னி, வாயும் கிடையாது, வயிறும் கிடையாது!) தலையோடு வால் சேர்த்து சுமார் 200 நானோமீட்டர். நானூறு பேரை வரிசையாகப் படுக்க வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

அந்தத் துக்கடா உடம்பின் தலைக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது தெரியுமா? தலையின் நீளம் 120 நானோமீட்டர். உள்ளே சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 57,000 நானோமீட்டர்! எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தலை ஒரு சின்னச் சொம்பு. அதற்குள் 2 மில்லிமீட்டர் தடிமனில் 57 மீட்டர் கயிறு! திணித்தால் மட்டும் போதாது, வேளை வந்தால் சிக்காமல் சரசரவென்று வெளியேயும் வர வேண்டும்.

திணிப்பது யார்? தலையின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரத மோட்டார். வினாடிக்கு 2,000 படிகள் வரை டி.என்.ஏ. ஏணியை உள்ளே இழுக்கிறது. பெட்ரோல் செலவு பாக்டீரியாவுடையது! ஃபை29 என்ற இன்னொரு ஃபேஜில், டி.என்.ஏ.வின் முனையில் நுண்மணி ஒன்றை ஒட்டி, அதை லேசர் ஒளியால் பிடித்துக்கொண்டு, மோட்டார் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று 2001-இல் அளந்தார்கள். தலை நிரம்பும்போது உள்ளே சுமார் 60 வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு வந்தது. விசில் அடிக்கும் குக்கருக்குள் இருப்பது சுமார் 2 தான்!

அப்படியானால் தலை ஏன் வெடிப்பதில்லை? ஹாங்காங்கில் கிடைத்த எச்.கே.97 என்ற ஃபேஜின் ஓட்டைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 420 புரதங்கள் வளையம் வளையமாக இணைந்து, ஒரு வளையத்துக்குள் இன்னொன்று கோத்து நிற்கின்றன. பழைய போர்வீரர்கள் போட்ட சங்கிலிக் கவசம் அப்படியே! ஓட்டின் கனம் 2 நானோமீட்டர்கூட இல்லை.

மறுபடியும் டி4-க்கு வருவோம். கால் போலத் தெரியும் ஆறு இழைகள் பாக்டீரியாவின் மேல் தடவிப் பார்க்கும். ‘இதுதான் நம் ஆள்’ என்று தெரிந்ததும், வாலின் அடியிலுள்ள அறுகோணத் தட்டு நட்சத்திரமாக விரியும். உடனே வாலின் உறை, 138 புரதங்களால் ஆன சுருள்வில், பாதிக்கும் கீழே சுருங்கும். உள்ளே இருக்கும் குழல் பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கும். இதற்கு எரிபொருளே வேண்டாம்! வாலைக் கட்டும்போதே வில்லில் முறுக்கேற்றி வைத்தாகிவிட்டது. பி2 என்ற உறவுக்கார ஃபேஜின் ஊசி முனையை 2012-இல் ஆராய்ந்தபோது அங்கே இருந்தது என்ன தெரியுமா? ஒரே ஒரு இரும்பு அணு! ஊசிக்கு இரும்பு முனை வைக்க இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஃபேஜ்களை முதன்முதலில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹெல்முட் ரஸ்கா, 1940 வாக்கில். இவர் நிஜ டாக்டர். நுண்ணோக்கியை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ரஸ்காவின் தம்பி. ஆனால் அந்தப் படங்களெல்லாம் தட்டையான நிழல்கள். 1968-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் டிரோசியர், ஆரன் க்ளுக் இருவரும் ஒரு தந்திரம் செய்தார்கள். டி4 வாலின் புரதங்கள் சுழல் படிக்கட்டு போல ஏறுவதால், ஒரே படத்தில் ஒரே புரதம் பல கோணங்களில் தெரிகிறது. அதைக் கணக்குப் போட்டு முப்பரிமாண உருவமாக்கினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலிருந்து இப்படி எழுந்த முதல் முப்பரிமாண உருவம் ஒரு வைரஸின் வால்! க்ளுக்குக்கு 1982-இல் நோபல்.

இன்று அணு அணுவாகக் கட்டும் புரத மாதிரி ஒவ்வொன்றும் சரிதானா என்று உலகம் முழுவதும் எதை வைத்துப் பார்க்கிறார்கள் தெரியுமா? 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தை! அந்த இரும்பு முனை ஊசிக்கும் அதே பரீட்சைதான்.